மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை

கப்பல் பினாங்குத் துறையை நெருங்கிக்கொண்டிருந்த அன்று காலையில் நான் ஒரு முடிவு எடுத்தேன். இன்றைக்குக் கொய்த்தியாவ் சாப்பிட்டே தீருவது. வேகவைத்த மீனோடு பேருக்கு நாலு நூடுல்ஸ் போட்டுக் கொடுப்பார்களே, அது அல்ல. பட்டை பட்டையான அரிசி நூடுல்ஸைக் கரியடுப்பில், பன்றிக் கொழுப்பில் பிரட்டி, வாத்து முட்டை உடைத்து ஊற்றி, மட்டிச் சதையை அள்ளிப் போட்டுத் தருவார்களே, அது. அதுவும் தனியாக. யாரிடமும் அனுமதி கேட்காமல்.

இந்த வீர முடிவைக் குளியலறைக்குள், தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து எடுத்தேன். ஏனென்றால் வெளியே கிம் நியோ இருந்தாள். கிம் நியோ என் மனைவி. எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் வயிற்றுக்குள் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டால் காற்று பற்றாது. அங்கே ஒரு மனிதன் ரகசியமாக யோசிக்க வேண்டுமென்றால் குளியலறையை விட்டால் வேறு வழியில்லை.

என் பெயர் சியா பூன் லெக். பிறந்தது பினாங்கு. மீசை முளைத்ததும் சிங்கப்பூருக்குப் போய், அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவன். ஏற்ற இறக்கம் எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்குப் பிறகு இறக்கம்தான் அதிகம் என்பதை மட்டும் நீங்கள் வெளியில் சொல்லாதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் வைத்தது சின்னக் கம்பிக் குழாய். அதைச் சாக்காக வைத்து கிம் நியோ வைத்தது ஒரு முழு அரசாங்கம். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் வேகவைத்த மீன். ராத்திரி, காலையில் குடித்த ஓட்ஸை மறந்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் ஓட்ஸ். அவளும் கூடவே உட்கார்ந்து அதையேதான் குடிப்பாள். என் கிண்ணத்தைக் கண்காணிப்பதற்காக என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை ஏமாற்றுவது லேசு இல்லை. கிம் நியோவுக்கு இருப்பது மூக்கு அல்ல, சுங்கச் சாவடி. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கறி பஃப். ரயில் நிலையத்துக் கடை. ரெண்டு தின்னிருக்கே," என்பாள். ஒருமுறை மின்தூக்கிக்குள் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்த வறுத்த கோழிக்காக நான் ஒரு வாரம் விசாரணைக் கைதியாக இருந்தேன்.

ஆகவே முதலில் அந்த மூக்கை வெல்ல வேண்டும். அதற்கும் வழி கண்டேன். போன வருஷம் ஒரு மலிவு விற்பனையில் அவள் எனக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள் வாங்கிவந்தாள். எல்லாம் ஒரே மாதிரி. "ஏன், வேற நிறமே இல்லியா?" என்று கேட்டதற்கு, "நீ தெனமும் வேற வேற ஆளாவா வந்து நிக்கறே?" என்றாள். அந்தச் சட்டைகளில் இரண்டு இப்போது கப்பலில் இருந்தன. ஒன்றைப் போட்டுக்கொண்டு போய்ப் புகையில் நிற்பது. திரும்பி வந்ததும் அதைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து பெட்டிக்கு அடியில் புதைப்பது. இன்னொன்றை மாட்டிக்கொண்டு, போட்ட சட்டையோடு கட்டிலில் கிடந்தவன் போலக் கிடப்பது. வாசனை பைக்குள்ளேயே சமாதி. அரசாங்கத்துக்கு ஆதாரம் கிடையாது.

இனி அவளைத் தனியாக அனுப்ப வேண்டும். வெளியே வந்தேன்.

"நியோ, நீ மட்டும் கோயிலுக்குப் போயிட்டு வா. எனக்கு முட்டி வலிக்குது."

கிம் நியோ வெயில் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆயர் ஈத்தாம் மலைக்கோயிலுக்குக் கப்பல்காரர்கள் பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"எந்த முட்டி?"

"இது." இடது முட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

"நேத்து வலதுன்னியே."

"நேத்து வலதுதான். ராத்திரி புரண்டு படுத்தேன்."

"புரண்டு படுத்தா வலி எறங்கி அந்தப் பக்கம் போயிருமா?"

"வயசாயிருச்சு நியோ. உள்ள எல்லாம் கழண்டு கெடக்கு. எது எங்க போகும்னு யாரு கண்டா."

"மெல்ல நடந்து வா. உன் ஊருதானே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பினாங்கு பினாங்குன்னு என் உயிரை வாங்கினே. இப்ப பினாங்கு வாசல்ல வந்து நிக்குது, நீ கட்டில்ல படுத்துக்கறேங்கறே."

"வெளியில என்ன புழுக்கம்னு பாத்தியா? இந்தப் புழுக்கத்துல என் நெஞ்சு..."

நெஞ்சு என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அது என் கடைசித் துருப்புச் சீட்டு. அதை இறக்கியதும் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வாத்து முட்டையை நினைத்துக்கொண்டேன். வெட்கம் போய்விட்டது.

"சரி சரி, படு. மேல்தளத்துல மத்தியானம் கஞ்சி குடுப்பாங்க. போய்க் குடி. கஞ்சி மட்டும்."

"கஞ்சி மட்டும்."

"வறுத்தது இருக்கற பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது."

"என் முட்டி மேல சத்தியம்."

"எந்த முட்டி மேல?"

பதில் சொல்வதற்குள் அவளே கைப்பையைத் திறந்து டிஷ்யூ பாக்கெட்டுகளை உள்ளே அள்ளிப் போட ஆரம்பித்தாள். ஒன்றை என் கட்டிலில் எறிந்தாள். "வேர்த்தா தொடச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த டிஷ்யூவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிம் நியோவின் தம்பி மகன் ஆ கியாட், ஏசி பழுது பார்க்கும் தொழில் தொடங்கினான். விளம்பரத்துக்கு டிஷ்யூ பாக்கெட் அச்சடித்தான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் அவன் படம். கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரிக்கிறான். ஆர்டர் கொடுக்கும்போது ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டுத் தொலைத்தான். மிஞ்சியதெல்லாம் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஆ கியாட். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஆ கியாட். நான் மூக்கைச் சிந்துவதே அவன் முகத்தில் விழித்துவிட்டுத்தான். பழக்க தோஷத்தில் அந்தப் பாக்கெட்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கோயில் பஸ் கிளம்பிப் போனதை உறுதி செய்துகொண்டு நான் கப்பலை விட்டு இறங்கினேன். துறைமுக வாசலைத் தாண்டியதும் பினாங்கின் புழுக்கம் வெந்நீரில் நனைத்த துண்டைப் போல முகத்தில் அப்பியது. கடற்கரைத் தெரு முனைக்குப் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடி வழுக்கி உதட்டுக்கு வந்தது. எனக்கு எல்லாமே சுகமாக இருந்தது. முட்டி இரண்டும் பையனுடைய முட்டிகளைப் போல வேலை செய்தன.

ஒரு திரிஷாக்காரர் தன் சைக்கிள் ரிக்‌ஷாவை உருட்டிக்கொண்டே கூட வந்தார்.

"அங்கிள் சிங்கப்பூரா?"

"சிங்கப்பூரா? நான் இந்த மண்ணுல பொறந்தவன். பக்கத்துத் தெருவுலதான் எங்க வீடு இருந்துச்சு."

"அப்படியா. அப்ப ஏன் இந்த வெயில்ல இப்படி ஓடறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நடையைத் தளர்த்தினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பினாங்குக்காரனைப் போல அசைந்து அசைந்து நடந்தேன். அடுத்த முனை வருவதற்குள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் யாரும் துரத்தாவிட்டாலும் நாங்கள் அப்படித்தான் நடப்போம்.

கிம்பர்லி தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து மூலையில் ஒரு கோப்பிக்கடை. கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில், தூணுக்குப் பக்கத்தில் அந்தக் கரியடுப்பு. புகை என் மூக்கில் ஏறியதும் மூன்று வருஷத்து ஓட்ஸும் வயிற்றுக்குள் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. 

கடைக்குள் கூட்டம். அட்டை, கைக்குட்டை, தினசரி என்று கிடைத்ததை வைத்து எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். நட்ட நடுவில், சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேஜை காலி. நான் என் கண்ணை நம்பவில்லை. அந்தப் புழுக்கத்தில் அது மேஜை அல்ல, பட்டா நிலம்.

அடுத்து நடந்தது என் மூளைக்குத் தெரிந்து நடந்ததல்ல. கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. டிஷ்யூ பாக்கெட்டை எடுத்தது. மேஜை நடுவில் வைத்தது. சிங்கப்பூரில் ஒரு மேஜை மேல் டிஷ்யூ வைத்தால் அது உன்னுடைய மேஜை. நீ நிம்மதியாகப் போய் வரிசையில் நிற்கலாம். மந்திரியே வந்தாலும் அந்த டிஷ்யூவைப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போவார். மேஜையில் ஆ கியாட் சிரித்துக்கொண்டு காவலிருக்க, நான் நிம்மதியாக அடுப்பைப் பார்த்துப் போனேன்.

அடுப்பில் நின்றவர் பனியன் போட்ட நடுவயதுக்காரர். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் பிரட்டுவார். தலை நிமிராமல் கேட்டார்.

"என்ன வேணும்?"

"ஒரு தட்டு. வாத்து முட்டை. மட்டி நிறைய. கொழுப்பு நிறைய. காரம் நிறைய."

"எந்த மேஜை?"

"டிஷ்யூ வச்ச மேஜை."

இப்போது தலை நிமிர்ந்தது. "என்ன வச்ச மேஜை?"

"மேஜை மேல டிஷ்யூ வச்சிருக்கேன்."

"ஏன், மேஜைக்குச் சளியா?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"எடம் பிடிச்சு வச்சிருக்கேன் லா."

"அங்கிள் சிங்கப்பூரா?"

"பினாங்கு. இங்கயே பொறந்தவன்."

"பொறந்தது இங்க, எடம் பிடிக்கறது அங்க. இங்கல்லாம் உக்காந்துட்டு அங்கேர்ந்து கைய ஆட்டுவாங்க, அங்கிள். போங்க, வரும்."

அவமானம்தான். ஆனால் கொய்த்தியாவுக்காக எத்தனை அவமானமும் தாங்கலாம். இவ்வளவு பெரிய காரியத்துக்கு வியர்வை முகத்தோடு உட்காரக்கூடாது என்று பின்பக்கக் குழாயில் முகம் கழுவப் போனேன். அந்தச் சின்ன இடைவெளியில் என் விதி மாறிவிட்டது.

திரும்பி வரும்போது, கடையில் தண்ணீர், கோப்பி விற்கும் அம்மா என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே மேஜை நாற்காலியெல்லாம் அவருடையதுதான். கையில் என் டிஷ்யூ பாக்கெட். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கூவினார்.

"இது யாரு மறந்துட்டுப் போனது? இந்தப் பல்லுக்காரன் யாரோட ஆளு?"

நான் கையைத் தூக்கப் போனேன். பாதி தூக்கிவிட்டேன். அப்போதுதான் சந்துக்குள் ஒரு ரோஜா நிறக் குடை நுழைந்தது. குடைக்குக் கீழே நாடா கட்டிய தொப்பி. தொப்பிக்குக் கீழே கிம் நியோ.

தூக்கிய கையை இறக்காமலேயே தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். மெலிந்த தூண். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்ஸுக்கு நன்றி சொன்னேன்.

"அக்கா, வாங்க, இங்க எடம் இருக்கு," என்றார் கடைக்கார அம்மா. "இது உங்களோடதா பாருங்க."

கிம் நியோ பாக்கெட்டை வாங்கினாள். ஆ கியாட் அத்தையைப் பார்த்துச் சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். பிறகு கடை முழுக்க ஒரு பார்வை பார்த்தாள். அவசரமே இல்லாத பார்வை. தூண் இருந்த பக்கம் வந்தது, போனது.

"என்னோடதுதான்," என்றாள். உட்கார்ந்தாள். "ஜாதிக்காய்த் தண்ணி ஒன்னு. ஐஸ் கம்மி."

எனக்குப் போன உயிர் திரும்பியது. காரணம் எளிது. அவள் கைப்பை நிறைய அதே பாக்கெட். உள்ளே வரும்போது தன் பையிலிருந்துதான் விழுந்தது என்று நினைத்துவிட்டாள். ஆ கியாட்டின் அந்த ஒரு பூஜ்யத்தை மனதார வாழ்த்தினேன். இரண்டு மடக்கு ஜாதிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவாள். நான் மேஜையை மீட்டுக்கொள்ளலாம்.

அப்போது அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "டிஷ்யூ மேஜை! வாத்து முட்டை, மட்டி நிறைய, கொழுப்பு நிறைய!"

கடைக்கார அம்மா தட்டை எடுத்துப்போய் என் மனைவி முன்னால் வைத்தார். ஆவி பறந்தது. அந்த ஆவி மின்விசிறிக் காற்றில் நேராகத் தூணுக்கு வந்தது.

"மட்டி நிறையவா?" என்று கிம் நியோ கேட்டாள்.

"நிறைய."

"கொழுப்பு?"

"அதுவும் நிறைய. அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"சொன்னா சொன்னபடி இருக்கட்டும். வைங்க."

சாப்பாட்டை வீணாக்கினால் கிம் நியோவுக்கு ஆகாது. தவறி வந்தது என்றாலும் திருப்பி அனுப்பமாட்டாள். அதனால்தான் வாங்கிக்கொண்டாள் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். மட்டியைத் தேடி அத்தனை தூரம் வந்த மட்டி, தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான்.

அவள் சாப்பிட்டாள். எப்படிச் சாப்பிட்டாள் என்று சொல்ல வேண்டும். எனக்கு முதுகை முக்கால்வாசி காட்டி உட்கார்ந்திருந்தாள். ஆனால் கன்னம் தெரிந்தது. முதல் வாய் போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். தோள் தளர்ந்தது. இரண்டாவது வாயில் ஒரு மட்டியைத் தனியாக எடுத்து, பார்த்து, வாயில் போட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எனக்கு மட்டியே பிடிக்காது" என்று மூன்று வருஷமாகச் சொல்லிவந்தவள் அவள். உணவங்காடியில் பக்கத்து மேஜைக்குக் கொய்த்தியாவ் வரும்போதெல்லாம், "உவ்வே, எண்ணெய்," என்று முகத்தைச் சுளித்து என் கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவாள். தன் கிண்ணத்தையும் எடுத்துக்கொள்வாள். அவள் நெஞ்சில் எந்தக் கம்பியும் இல்லை. எந்த டாக்டரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நான் தனியாகக் கஞ்சி குடிக்கக்கூடாது என்பதற்காகவே அவளும் அத்தனை நாளும் குடித்திருக்கிறாள். எனக்கு இது ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாயில் எச்சில் ஊற, கண்ணும் கலங்கிப்போனேன். என் பொய்யை நினைத்து வருத்தப்பட்டேன். அந்தத் தட்டை நினைத்தும் வருத்தப்பட்டேன். எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

தட்டு பாதி காலியானதும் அவள் அடுப்பைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எவ்வளவு சரியாக ஆட்டினாள். அவள் சிங்கப்பூரிலேயே பிறந்தவள்.

"இன்னொன்னு கட்டிக் குடுங்க. கொழுப்பு வேண்டாம். மட்டி வேண்டாம். முட்டை வேண்டாம். எண்ணெய், சோயா ரெண்டும் கம்மி."

அடுப்புக்காரர் கரண்டியை நிறுத்தினார். "வேற என்னதான் வேணும் அதுல?"

"எங்க வீட்டுக்காரருக்கு. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. முட்டி வேற வலி."

"எந்த முட்டி?"

"ரெண்டும். மாத்தி மாத்தி."

"பேசாம அவருக்கு ரெண்டு வெந்நீர் கட்டிக் குடுக்கட்டுமா?"

"அதையும் வறுத்துக் குடுங்கன்னு கேப்பாரு."

வாழையிலைப் பொட்டலம் வந்தது. கிம் நியோ அதைப் பிரித்து, தலையைக் குனிந்து, கொஞ்ச நேரம் உள்ளே எதையோ கிளறிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி மடித்துக் கட்டினாள். எதையும் சோதனை போடாமல் அவள் வாங்கமாட்டாள். பிறகு ஆ கியாட்டின் டிஷ்யூவை உருவி வாயை அழகாகத் துடைத்தாள். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்து, காற்றை முகத்தில் வாங்கி, நிதானமாக எழுந்து குடையை விரித்தாள்.

அவள் சந்து முனையைத் தாண்டியதும் நான் அடுப்புக்குப் பாய்ந்தேன்.

"ஒரு தட்டு. எது இருந்தாலும் சரி."

"முடிஞ்சு போச்சு, டிஷ்யூ அங்கிள். கடைசிப் பொட்டலத்தை உங்க மேஜையில இருந்த அம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்க." கரியைத் தட்டி அணைக்க ஆரம்பித்துவிட்டார். "உங்க தட்டையும் அவங்கதான் சாப்பிட்டாங்க. நீங்க எங்க போனீங்க?"

"முகம் கழுவ."

"நல்ல ஆளு."

அழ நேரமில்லை. அவளுக்கு முன்னால் நான் கட்டிலில் இருக்க வேண்டும். ஓடினேன். முனையில் அதே திரிஷாக்காரர்.

"சாப்பிட்டாச்சா அங்கிள்?"

"இல்ல."

"சாப்பிடாமலே ஓடறீங்க?"

"சம்சாரம் எனக்கு முன்னால கப்பலுக்குப் போயிட்டிருக்கா. நான் கப்பல்லயே இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு."

அவர் வண்டியைத் திருப்பினார். "ஏறுங்க," என்றார். அந்த ஒரு சொல்லில் அவருக்கும் கல்யாணமாகி நாளாகிவிட்டது என்று தெரிந்தது.

பினாங்குத் திரிஷாவில் ஆள் முன்னால் உட்கார வேண்டும், மிதிப்பவர் பின்னால். ஒளிந்துகொண்டு போக அதைவிட மோசமான வண்டி உலகத்தில் கிடையாது. காகிதப் பூ கட்டி, ஊர்வலத்துக்குக் கொண்டுபோவதைப் போல என்னைக் கொண்டுபோனார். கடற்கரைத் தெருவில் ரோஜாக் குடை தெரிந்தது. கூரைத் துணியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். என் நல்ல காலம், கிம் நியோ தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட் கடையில் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் அவள் பிஸ்கட் சாப்பிடுவதில்லை. நாங்கள் தாண்டிப் போகும்வரை அவள் திரும்பவேயில்லை.

அறைக்குள் புகுந்தேன். நனைந்த சட்டை பைக்குள், பை பெட்டிக்கு அடியில். உலர்ந்த சட்டை உடம்பில். ஏசி முழு வேகத்தில். முட்டி மேல் ஒரு துண்டு. எந்த முட்டி என்று ஒரு கணம் தடுமாறி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டின் மேலும் விரித்தேன்.

கதவு திறந்தது. கிம் நியோ உள்ளே வந்து மூக்கை ஒருமுறை சுருக்கினாள். குடையை மூலையில் சாத்தினாள். என் திட்டம் பலித்துவிட்டது.

"முட்டி எப்படி இருக்கு?"

"தேவலாம். கோயில் எப்படி இருந்துச்சு?"

"போகல. பஸ்ஸுல ஏசி கெட்டுப்போச்சு. வெந்துபோயிட்டேன். பாதி வழியில எறங்கிட்டேன். டிரைவருக்கு ஆ கியாட் பாக்கெட் ஒன்னு குடுத்துட்டு வந்தேன்."

"அவன் என்ன, சிங்கப்பூர்லேர்ந்து வந்து ரிப்பேரா பாக்கப் போறான்?"

"வேர்வையாவது தொடச்சுக்கலாம்ல. நீ கஞ்சி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"கஞ்சியில என்ன நல்லது கெட்டது."

"அதான் எனக்கு மனசு கேக்கல." பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். "பொறந்த ஊருக்கு வந்துட்டு ஒரு வாய் கொய்த்தியாவ் இல்லாம கட்டில்ல கெடக்கறியேன்னு இருந்துச்சு. குதிக்காதே. கொழுப்பு இல்ல, மட்டி இல்ல, முட்டை இல்ல. சாப்பிடு."

"நியோ," என்றேன். "நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டே?"

"கெடைச்சதை."

பிரித்தேன். வெளிறிப்போன கொய்த்தியாவ். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்ததைப் போல இருந்தது. ஆனால் கரியடுப்பின் வாசம் இருந்தது. முளைப்பயறு நறுக்கென்றிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது. ஏசி குளுகுளுவென்று வீசியது. பக்கத்தில் மனைவி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு தட்டு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள், நானும் மாட்டிக்கொள்ளவில்லை. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தபடி அடியில் இருந்ததைக் கிளறினேன்.

சாப்பிடும் குச்சியில் ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளை நூடுல்ஸுக்கு அடியில், இலையின் மடிப்பில், ஒரு மட்டி. கொழுகொழுவென்று, சோயாவில் கறுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு துண்டு வாத்து முட்டை. மொறுமொறுவென்று ஒரே ஒரு கொழுப்புத் துணுக்கு.

நான் மெல்லத் தலையைத் தூக்கினேன். கிம் நியோ தொப்பி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஆறுறதுக்குள்ள சாப்பிடு," என்றாள். "மேஜை நல்ல எடமாப் பாத்துத்தான் பிடிச்சிருந்தே, ஆ லெக். காத்து சும்மா அள்ளிக்கிட்டுப் போச்சு."